பழைய காரின் ஸ்பீடோமீட்டர் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்று) புதுப்பித்து ஓட்டும் இருபது வயதைத் தாண்டிய கார், கிளாசிக் திட்டத்தில் பதிவான முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட கார், இரண்டிலும் ஒருநாள் இந்தத் தொல்லை வரும். கீழே உள்ளவை 1970களிலிருந்து 2000களின் தொடக்கம்வரை வந்த கார்களுக்குப் பொருந்தும்: கேபிளால் ஓடும் மீட்டர், கியர்பாக்ஸ் சென்சாரால் ஓடும் மீட்டர். ஏபிஎஸ் (பிரேக் பூட்டுத் தடுப்பு) சென்சாரிலிருந்து வேகத்தை எடுத்துக்கொள்ளும் புதிய கார்களுக்கு ஸ்கேனர் வைத்துப் பார்ப்பதே வழி, அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

முள் அசையவே இல்லை. மீட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். மீட்டரைச் சந்தேகிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸின் வெளியேறும் தண்டில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. அது ஒரு சிறிய நைலான் கியரைச் சுற்றுகிறது. அந்த நைலான் கியர் கேபிளைச் சுற்றும், அல்லது சென்சாரைச் சுற்றும். கேபிளோ கம்பியோ டேஷ்போர்டுக்குள் போய் மீட்டரைச் சேர்கிறது. இந்த வழியில் சுழற்சி எங்கே நின்றுபோகிறது என்பதுதான் கேள்வி. கியர்பாக்ஸ் பக்கமிருந்து தேடிக்கொண்டு வந்தால் வேலை சுருக்கம். மீட்டரை முதலில் கழற்றினால் காய்ந்துபோன பிளாஸ்டிக் கிளிப்புகள் நாலைந்து உடையும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

கழற்றுவதற்குமுன் நான்கைக் கவனித்துவிடுங்கள். முள்ளும் நின்று கிலோமீட்டர் எண்ணும் ஏறவில்லை என்றால் கேபிள், நைலான் கியர், சென்சார் ஆகியவற்றில் ஒன்று. முள் ஓடுகிறது, கிலோமீட்டர் மட்டும் ஏறவில்லை என்றால் மீட்டருக்குள் இருக்கும் எண் சக்கரங்களின் கியர். கிலோமீட்டர் ஏறுகிறது, முள் மட்டும் படுத்துக் கிடக்கிறது என்றால் அப்போதுதான் மீட்டரின் உள்பாகம். பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே செத்திருந்தால் ஃபியூஸ் அல்லது எர்த். பத்து ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றுக்காக மீட்டரைக் கழற்ற வேண்டாமே.

என் காரில் இருப்பது கேபிளா, சென்சாரா? எப்படித் தெரிந்துகொள்வது?

பானட்டைத் திறந்து கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். பென்சில் தடிமனில் கறுப்பு உறை போட்ட கேபிள் ஒன்று கியர்பாக்ஸிலிருந்து கிளம்பி, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் ரப்பர் வளையம் வழியாக நுழைந்தால் அது கேபிள் மீட்டர். அதே இடத்தில் இரண்டோ மூன்றோ கம்பியுள்ள பிளக் இருந்தால் சென்சார்.

எல்லாக் காரிலும் அது கியர்பாக்ஸில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வோல்வோ 240இல் 1985வரை கேபிள்; 1986 முதல் சென்சார் பின் அச்சின் டிஃபரென்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) இருக்கிறது. பின்பக்கம் பார்க்காமல் முன்னால் தேடினால் நாள் முழுக்கத் தேடலாம்.

கேபிளிலிருந்து சென்சாருக்கு மாறிய காலத்துக் கார்கள் சிலவற்றில் கேபிள்தான் மீட்டரைச் சுற்றும், ஆனால் மீட்டரின் முதுகில் சின்ன ரீட் சுவிட்ச் (காந்தத்தால் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று இருந்து எஞ்சின் கம்ப்யூட்டருக்கு வேகத்தைச் சொல்லும். அந்தக் கார்களில் கேபிள் அறுந்தால் எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரியலாம். இரண்டு கோளாறு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம், ஒன்றுதான்.

முள் 40க்கும் 60க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிறது. கூடவே டிக் டிக் என்ற சத்தமும் வருகிறது.

கேபிள் காய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. உள்ளிருக்கும் எஃகு இழை சீராகச் சுற்றாமல் சிக்கிச் சிக்கி விடுபடுகிறது. அந்தத் துள்ளல்தான் முள்ளில் தெரிகிறது. மெதுவாகப் போகும்போது ஆட்டம் அதிகமாகவும் வேகம் கூடக் கூடக் குறைவாகவும் இருந்தால் ஏறத்தாழ உறுதி. இந்த நிலையில் கவனித்தால் கிரீஸோடு முடியும். சும்மா விட்டால் இழை அறுந்துபோகும், அப்போது புதுக் கேபிள் வாங்க வேண்டும்.

கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடுவது எப்படி?

1. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். காற்றுப்பை உள்ள கார் என்றால் மேற்கொண்டு தொடுவதற்கு முன் குறைந்தது 90 விநாடி பொறுங்கள். ரேடியோவுக்கு ரகசிய எண் கேட்கும் கார் என்றால் அதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. மீட்டரின் பின்னால் கேபிள் சேரும் இடத்தை விடுவியுங்கள். பழைய பிரிட்டிஷ், ஜெர்மன் கார்களில் பெரும்பாலும் திருகும் வளையம். ஜப்பானியக் கார்கள் பலவற்றில் அழுத்தி இழுக்கும் பிளாஸ்டிக் நாக்கு. மீட்டரைக் கொஞ்சம் முன்னே இழுத்தால்தான் கை போகும். அதற்குக் கேபிள் தளர வேண்டும். எனவே எஞ்சின் பக்கத்து ரப்பர் வளையத்தில் கேபிளைச் சற்று உள்ளே தள்ளிக் கொடுங்கள்.

3. உறைக்குள்ளிருந்து இழையை மேல்பக்கமாக இழுங்கள். வரவில்லை என்றால் அது கீழ்முனையில் பூட்டப்பட்ட வகை. கியர்பாக்ஸ் பக்கம் கழற்றிக் கீழ்வழியாக எடுங்கள்.

4. மண்ணெண்ணெயிலோ பிரேக் கிளீனரிலோ துடைத்துக் காய வையுங்கள். உறைக்குள்ளும் பிரேக் கிளீனர் அடித்து, கறுப்புக் கழிவு வெளியே வரும்வரை விடுங்கள்.

5. இப்போது சோதனை. இழையை மேசைமேல் ‘ப’ வடிவில் வளைத்துப் படுக்க வைத்து, ஒரு முனையை இரண்டு விரலால் மெதுவாக உருட்டுங்கள். மறுமுனையும் அதே அளவில் ஒழுங்காக உருண்டால் நல்ல இழை. சற்று நின்று, திடீரென்று படக்கென்று புரண்டால் உள்ளே மடிப்பு விழுந்திருக்கிறது. அதற்கு எவ்வளவு கிரீஸ் போட்டாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இழை நூல் பிரிந்து விரலைக் குத்தினாலும் மாற்றுங்கள்.

6. கிரீஸை விரலில் எடுத்து மெல்லிய படலமாக, கீழிருந்து மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் தடவுங்கள். மேல்முனையில் குறைந்தது 15 முதல் 20 செ.மீ. வெறுமையாக இருக்க வேண்டும். கிரீஸ் தானாக மேலே ஏறும். மீட்டருக்குள் போய்விட்டால் சரிசெய்வது பெரும்பாடு.

7. திரும்பப் போடும்போது இழையைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் சதுர முனை உட்கார்ந்ததும் ஒரு சிறிய ‘டக்’ கையில் தெரியும். ஸ்மித்ஸ் வகை மீட்டர் உள்ள பிரிட்டிஷ் கார்களில் மேல்முனையில் இழை உறையைவிட ஏறக்குறைய 10 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

புதுக் கேபிள் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் அறுந்துவிட்டது. ஏன்?

பெரும்பாலும் மீட்டர் இறுகியிருக்கும். அச்சின் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டால் கேபிள் மல்லுக்கட்டிச் சுற்றும், ஒருநாள் தோற்றுப்போகும். மீட்டரின் பின்துளையில் சதுர முனையுள்ள சிறு குச்சியை வைத்து விரலால் திருப்பிப் பாருங்கள். தங்குதடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் அடுத்த கேபிளும் அதே கதியைத்தான் அடையும்.

இன்னொரு காரணம் கேபிள் போகும் பாதை. எங்கும் 15 செ.மீ. ஆரத்துக்குக் குறைவான வளைவு இருக்கக்கூடாது. இரண்டு முனைகளிலும் முதல் 5 செ.மீ. நேராக இருக்க வேண்டும். ஏர்கான் குழாய்க்கு அடியிலோ சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்திலோ போனால் கிரீஸ் உருகி வழிந்து மறுபடி காயும். நீளம் பொருந்தாத கேபிளை ‘கிட்டத்தட்ட சரிதான்’ என்று சொல்லிப் போட்டிருந்தாலும் இதே கதைதான்: நீளமானது மடங்கும், குட்டையானது இழுபடும்.

மீட்டர் கண்ணாடிக்குள் எண்ணெய் படிந்திருக்கிறது. முள் நூறில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது.

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது இது. கியர்பாக்ஸில் நைலான் கியர் உட்காரும் உலோக உறைக்கு வெளியே ஒரு ஓ-ரிங், உள்ளே ஒரு சிறிய ஆயில் சீல். வெளி ஓ-ரிங் போனால் எண்ணெய் கீழே சொட்டும், தரையில் தெரிந்துவிடும். உள் சீல் போனால் தரையில் ஒன்றும் தெரியாது. எண்ணெய் கேபிளுக்குள் நுழைந்துவிடும். இழை முறுக்கிய கம்பி என்பதால் சுற்றும்போது திருகாணிபோல் எண்ணெயை மேலே மேலே ஏற்றும். மீட்டர் வரை வந்துவிடும். ஓட்டுநரின் கால்மிதியில் சிவப்பு எண்ணெய் சொட்டினால் அது ஆட்டோ கியர் எண்ணெய், வழி இதுதான்.

கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தம் சுற்றுகிறது. அதைத் தொடாமல் மூடியபடி ஒரு மெல்லிய அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றச் சுற்றக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து அதை இழுக்கும். மயிரிழைச் சுருள்வில் ஒன்று எதிர்த்துப் பிடிக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டியது காற்று மட்டும். அங்கே எண்ணெய் புகுந்தால் காந்தம் எண்ணெயைச் சுற்றும், எண்ணெய் கிண்ணத்தைச் சுற்றும், முள் வேகத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் எகிறும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் சீலும் ஓ-ரிங்கும். பிறகு கேபிளை முழுக்கக் கழுவுதல், அல்லது மாற்றுதல். கடைசியில் மீட்டரைத் திறந்து சுத்தம் செய்தல். தலைகீழாகச் செய்து மீட்டரை மட்டும் கழுவிக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. சில வாரங்களில் எண்ணெய் மறுபடி ஏறிவிடும். ஓ-ரிங்குக்கும் சீலுக்கும் ஆகும் செலவு சொற்பம், அதை விட்டுவிட்டு மீட்டருக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. கியர்பாக்ஸில் எண்ணெய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

நைலான் கியர் தேய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் உறையை ஒரே ஒரு 10 மி.மீ. போல்ட் பிடித்திருக்கும். சுற்றியுள்ள அழுக்கை முதலில் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மணல் கியர்பாக்ஸுக்குள் போகும். போல்டைக் கழற்றி, உறையை இடமும் வலமும் திருகியபடி மேலே இழுங்கள். துளை எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கும் கார்களில் கொஞ்சம் எண்ணெய் வழியும், அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

பற்களில் ஒரே இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் கியர் சறுக்குகிறது. பல் எண்ணிக்கையைக் கட்டாயம் எண்ணுங்கள். சில தயாரிப்பாளர்களின் கார்களில் பல் எண்ணிக்கைக்கு ஏற்ப நிறம் மாறும். டயர் அளவும் டிஃபரென்ஷியல் விகிதமும் வேறான மாடலின் கியர், அச்சு அசலாக இதேபோல் இருந்து, சரியாக உட்கார்ந்தும் கொள்ளும். ஆனால் மீட்டர் எப்போதும் சில விழுக்காடு பொய் சொல்லும். ஜொகூரில் ஹாஃப் கட் கடையிலிருந்து (பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) கியர்பாக்ஸ் வாங்கிப் போட்டபின் மீட்டர் தப்பாகக் காட்டுவதற்கு இதுவே முதல் காரணம். பழைய கியர்பாக்ஸிலிருந்த நைலான் கியரை எடுத்து வைத்திருங்கள். அதைப் போட்டால் பல நேரம் சரியாகிவிடும், ஆனால் புது கியர்பாக்ஸின் தண்டுச் சக்கரமும் அதே பல் எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

சென்சார் மீட்டர். மல்டிமீட்டரை வைத்து எப்படிச் சோதிப்பது?

மூன்று கம்பி இருந்தால் ஹால் வகை (காந்தப்புலத்தை உணர்ந்து துடிப்பு அனுப்புவது). பிளக்கைக் கழற்றாமல் பின்பக்கமாக முனையைச் செருகி, சாவி ஆன் நிலையில் அளவெடுங்கள். ஒரு கம்பியில் பேட்டரி மின்னழுத்தம், ஒன்றில் ஏறத்தாழச் சுழியம், அது எர்த். மூன்றாவது சிக்னல். பல ஹோண்டா மாடல்களில் அது நீல-வெள்ளைக் கம்பி.

முன்சக்கரத்தால் ஓடும் கார் என்றால் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைபிரேக் போட்டு, ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டின்மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவே கூடாது. கியர் நியூட்ரலில். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் சிக்னல் கம்பியில் சுழியத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே, சில கார்களில் 12 வோல்ட்டுக்கும் இடையே, மாறி மாறிக் காட்டும்.

பொறுமை வேண்டும். ஜப்பானியக் கார்களில் பொதுவாகச் சென்சார் ஒரு கிலோமீட்டருக்கு 637 சுற்று, சுற்றுக்கு 4 துடிப்பு. ஒரு சக்கரம் தரையில் நின்று மற்றது மட்டும் சுற்றும்போது டிஃபரென்ஷியல் பாதி வேகத்தில்தான் சுற்றும். அதனால் சக்கரத்தின் முழுச் சுற்று ஒன்றுக்கு இரண்டு துடிப்புதான் வரும். கால் சுற்று சுற்றிவிட்டு ‘மாறவில்லையே, சென்சார் போய்விட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டு கம்பி இருந்தால் காந்தச் சுருள் வகை. அதற்கு 12 வோல்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள், கெட்டுவிடலாம். பிளக்கைக் கழற்றி மின்தடையைப் பாருங்கள்; முடிவிலி காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. பிறகு ஏசி வோல்ட்டில் வைத்துச் சக்கரத்தை வேகமாகச் சுற்றுங்கள். சிறிய அளவாவது எழ வேண்டும்.

சென்சார் கெட்டால் ஸ்பீடோமீட்டர் மட்டும்தானே போகும்?

இல்லை. ஆட்டோ கியர் எப்போது மாறுவது என்பதை அந்த சிக்னலை வைத்துத்தான் முடிவு செய்கிறது. கியர் முரட்டுத்தனமாக மாறலாம், அல்லது ஒரே கியரில் நின்றுவிடலாம். குரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யாது. சிக்னல் விளக்கில் நிற்கும்போது எஞ்சின் அணையலாம். சில ஹோண்டாக்களில் விடெக் (வால்வு இயக்கத்தை மாற்றும் அமைப்பு) இயங்க மறுக்கும். ஓபிடி-2 (கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் வசதி) உள்ள கார் என்றால் ஸ்கேனரில் பி0500 என்று வரும். அந்தக் குறியீடு ‘வேக சிக்னல் வரவில்லை’ என்று மட்டும்தான் சொல்கிறது, ‘சென்சாரை மாற்று’ என்று சொல்லவில்லை.

சென்சார் மாற்றியாகிவிட்டது. இன்னும் முள் எழவில்லை.

கம்பியைப் பாருங்கள். இங்கிருக்கும் ஈரப்பதத்தில் பிளக்கின் ஊசிகள் பச்சை பிடிக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, தளர்ந்த ஊசியைச் சற்று நெருக்கிப் போடுங்கள். சென்சார் பிளக்குக்கும் மீட்டர் பிளக்குக்கும் இடையே தொடர்ச்சி சரிபாருங்கள்.

கம்பி சரி என்றால் மீட்டரின் சர்க்யூட் போர்டு. பிளக் சேரும் ஊசிகளைச் சுற்றி சால்டரில் மெல்லிய வட்ட விரிசல் இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால், ஊசியைச் சுற்றிக் கறுப்பு மோதிரம் போட்டதுபோல் தெரியும். திறந்தவெளியில் வெயிலில் நிறுத்தும் கார்களில் இது சகஜம். காலையில் ஓடுவதும் மதியம் நிற்பதுமாக இருந்தால், அல்லது டேஷ்போர்டைத் தட்டினால் உயிர் வந்தால், விரிசல்தான். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வையுங்கள். கூடவே உப்பிய மின்தேக்கிகள் இருந்தால் மாற்றிவிடுங்கள். இந்தச் சில்லறைப் பாகங்களுக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் போதும். சதுக்கம் வேறு, டவர் வேறு. டாக்சிக்காரரிடம் சரியாகச் சொல்லுங்கள்.

மீட்டர் செட்டைக் கழற்றும்போது எதில் கவனம்?

முதலில் ஓபியு. புதிய இஆர்பிக்காக (மின்னணுச் சாலைக் கட்டணம்) பொருத்திய கருவியின் மையப்பகுதி முன்பயணியின் கால்பக்கத்திலும், திரையும் ஆண்டெனாவும் டேஷ்போர்டின்மேலும் இருக்கும். அவற்றை இணைக்கும் கம்பிகள் டேஷ்போர்டுக்குப் பின்னால்தான் ஓடும். அவற்றைப் பிடித்து இழுக்காதீர்கள், வெட்டி ஒட்டவும் கூடாது. இடைஞ்சலாக இருந்தால் அங்கீகாரம் பெற்ற பட்டறையிடம் விடுங்கள்.

கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்தால் நிலைமின் சேர்ந்து முள் ஒருபக்கம் இழுபடும். ஈரத்துணி போதும். முகப்புத் தட்டில் விரலை வைக்காதீர்கள், ரேகை அழியாது.

முள்ளைக் கழற்றலாமா? அளவு திருத்த முடியுமா?

தேவையில்லாமல் வேண்டாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால் நேராக மேலே எடுக்க வேண்டும், திருகக்கூடாது. முகப்பில் அட்டை வைத்து, முள்ளின் அடியில் இரண்டு பக்கமும் தேக்கரண்டி கொடுத்து நெம்புங்கள். அதற்குமுன் ஒரு வேலை: நிறுத்துக் குச்சியைத் தாண்டி முள்ளை மெல்ல விட்டால், அது பூஜ்யத்துக்குக் கீழே ஓர் இடத்தில் ஓய்ந்து நிற்கும். அந்த இடத்தைக் குறித்துவிடுங்கள். திரும்பப் போடும்போது அங்கேயே வைத்து, பிறகு குச்சிக்கு மேல் தூக்கி விடுங்கள். பூஜ்யத்தில் வைத்து அழுத்தினால் எல்லா வேகத்திலும் கூட்டிக் காட்டும்.

சோதிக்க, வேகம் மாற்றக்கூடிய டிரில்லில் பழைய கேபிள் இழைத் துண்டைப் பிடித்துச் சுற்றலாம். ஜப்பானிய மீட்டர் நிமிடத்துக்கு 637 சுற்றில் 60 காட்ட வேண்டும். ஐரோப்பிய, பிரிட்டிஷ் மீட்டர்களில் எண் வேறு. முகப்பில் சிறிய எழுத்தில் இருக்கும். மெதுவாகத் தொடங்குங்கள். கிலோமீட்டர் பின்னால் போனால் உடனே நிறுத்தித் திசையை மாற்றுங்கள்.

காந்தத்தின் வலுவைக் கூட்டிக் குறைத்து அளவு திருத்துவது கருவி வைத்திருப்பவரின் வேலை. அச்சுக்கு எண்ணெய் தேவைப்பட்டால் கடிகார எண்ணெய் ஊசிமுனையளவு. துருநீக்கி ஸ்பிரே வேண்டவே வேண்டாம்.

வேகம் சரியாகக் காட்டுகிறது, கிலோமீட்டர் மட்டும் நின்றுவிட்டது.

வோல்வோ 240 என்றால் ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: 25 பல் கொண்ட சிறிய பிளாஸ்டிக் கியர் நொறுங்கியிருக்கும். மாற்றுக் கியர் தனியாகக் கிடைக்கிறது. மெர்சிடிஸ் டபிள்யூ123, டபிள்யூ124இல் கியர் உடையாது, அச்சின்மேல் சறுக்கும். அச்சைச் சற்றுச் சொரசொரப்பாக்கி, பேரிங் பிடிக்கும் பசையை மிகச் சிறு துளி வைத்து இறுக்கினால் நிற்கும். துளி கூடிவிட்டால் பக்கத்துச் சக்கரமும் ஒட்டிக்கொள்ளும்.

ஓடும்போது டிரிப் (பயணத் தூரம்) பொத்தானை அழுத்திச் சுழியமாக்குவதே இந்தக் கியர்களுக்கு எமன். நின்றபிறகு அழுத்துங்கள்.

மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சிங்கப்பூரில் எங்கே, எப்படிப் பார்ப்பது?

போனில் ஜிபிஎஸ் செயலியைத் திறந்து தாங்கியில் பொருத்துங்கள். கையில் பிடித்தால் குற்றம். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து எண்களை எழுதச் சொல்வது உத்தமம். கேபிஇ, எம்சிஇ சுரங்கங்களில் ஜிபிஎஸ் வேலை செய்யாது. ஞாயிறு விடியற்காலையில் இசிபி போன்ற திறந்த விரைவுச்சாலையில், சமதளத்தில், வேகத்தை மாற்றாமல் பத்து விநாடியாவது பிடித்துப் பாருங்கள். ஜிபிஎஸ் எண் சற்றுத் தாமதமாக வரும், முடுக்கும்போது பார்த்தால் தப்பாகத் தெரியும். 50, 70, 90 மூன்றிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐநா விதிமுறை 39இன்படி மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம்: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு 4 கி.மீ. வரை. அதாவது நிஜமாக 90இல் போகும்போது 103 வரை காட்டினாலும் விதிக்குட்பட்டதே. எனவே ஜிபிஎஸ் 90, மீட்டர் 95 என்றால் எதையும் தொடாதீர்கள். மீட்டர் 85 காட்டினால்தான் கவலை. தானா மேரா கோஸ்ட் ரோட்டில் சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமரா இருக்கிறது, குறைத்துக் காட்டும் மீட்டரோடு அங்கே தப்ப முடியாது. ‘மீட்டர் தப்பாகக் காட்டியது’ என்பது போக்குவரத்துப் போலிசிடம் எடுபடாது.

கிலோமீட்டர் எண்ணைச் சரிபார்க்க மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை வசதி. தூரக் கற்களைப் பார்த்து 10 கி.மீ. ஓட்டிப் பாருங்கள்.

ரிம் மாற்றினேன். மீட்டர் எவ்வளவு மாறும்?

விட்டத்தைக் கணக்கிடுங்கள். 175/70 ஆர்13 என்றால் ரிம் 330.2 மி.மீ., இருபக்கச் சுவரும் சேர்த்து 245 மி.மீ., மொத்தம் 575.2. இதற்குப் பதில் 185/60 ஆர்14 போட்டால் 577.6, வித்தியாசம் அரை விழுக்காடுகூட இல்லை. 195/50 ஆர்15 என்றால் 576, அதுவும் தகும். 205/55 ஆர்15 போட்டால் 606.5, ஐந்து விழுக்காட்டுக்கு மேல். சரியாக இருந்த மீட்டர் இப்போது 80 காட்டும்போது கார் 84இல் போகும். பள்ளி வட்டாரத்திலும் முதியோர் நடமாடும் சில்வர் ஸோனிலும் இது விளையாட்டில்லை.

மாறாக, டயர் தேயத் தேய மீட்டர் கூட்டிக் காட்டும். புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் இரண்டு விழுக்காடு அளவு வித்தியாசம் வரும். அதற்காக எதையும் திருத்த வேண்டாம்.

பழைய மீட்டர் செட் ஒன்று கிடைத்தது. அப்படியே மாற்றினால் மைலேஜ்?

மாற்றுவதற்குமுன் இரண்டு மீட்டரின் எண்களையும் படம் எடுங்கள். பட்டறை ரசீதில் தேதியோடு இரண்டு எண்களையும் எழுதச் சொல்லுங்கள். காரை விற்கும்போது அந்த ரசீதைக் காட்டி, ஒப்பந்தத்திலும் குறிப்பிடுங்கள். பொருள் எவ்வளவு பயன்படுத்தப்பட்டது என்பதைப் பொய்யாகச் சொல்லி விற்பது, நுகர்வோர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டப்படி விற்பனையாளருக்கு நியாயமற்ற செயல். கிலோமீட்டரைக் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வேறு வேலையும் கொடுக்காதீர்கள்.

மீட்டரின் சுற்று எண் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். தோற்றம் ஒன்றாக இருந்து, எஞ்சினின் சிலிண்டர் எண்ணிக்கை வேறான மாடலின் மீட்டராக இருந்தால் ஆர்பிஎம் முள் உளறும்.

எதை நானே செய்யலாம், எதைப் பட்டறையில் கொடுப்பது?

ஃபியூஸ், பிளக் சுத்தம், கேபிளின் மேல்முனை, ஜிபிஎஸ் சோதனை: இவை புளோக்குக்குக் கீழேயே முடியும். கார்நிறுத்துமிடத்தில் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் படுக்க வேண்டாம், அதற்கு ஏற்ற இடமில்லை. நைலான் கியர், சீல், பின்சக்கரத்தால் ஓடும் காரின் சென்சார் சோதனை ஆகியவற்றுக்கு லிஃப்ட் வேண்டும். சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பக்கம் பழைய கார் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது ‘மீட்டர் ரிப்பேர்’ என்று பொதுவாகச் சொல்லாமல், முள் எப்படி நடந்துகொள்கிறது, கிலோமீட்டர் ஏறுகிறதா, எப்போது வருகிறது என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தால், பரிசோதனைக் கடிதம் வருமுன்பே ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.

பாகம் வரும்வரை போன் ஜிபிஎஸ் வைத்து ஓட்டலாமா?

பட்டறைக்குக் கொண்டுபோக, வேறு வழியில்லாத ஓரிரு தேவைக்கு, அவ்வளவுதான். சுரங்கத்துக்குள் எண் உறைந்துபோகும், அங்கே நீங்கள் குருட்டாம்போக்கில்தான் ஓட்டுவீர்கள். கையால் கியர் போடும் கார் என்றால் ஆர்பிஎம் முள் கைகொடுக்கும்: மீட்டர் நன்றாக இருக்கும்போதே, நாலாம் கியரில் 50க்கு எத்தனை ஆர்பிஎம், மேல் கியரில் 80க்கும் 90க்கும் எத்தனை என்று குறித்துச் சூரியத் தடுப்பின் பின்னால் ஒட்டி வையுங்கள். மைல் கணக்கில் முகப்புள்ள பழைய பிரிட்டிஷ் கார் என்றால் அதே சீட்டில் இதையும் எழுதுங்கள்: 50 கி.மீ. என்றால் 31 மைல், 70 என்றால் 43, 90 என்றால் 56.